அளவுக் கயிறு

நாரின் ஆற்றின் இந்தக் கரையில்
உயிரோடிருப்பவருக்குக் கோடையில் கம்பளிக் கூடாரம்,
குளிரில் தகரக் கூரை.
மண்ணுக்குள் போனவருக்குத்தான் செங்கல் மாடம்.
புதிதாய் வரும் லாரி ஓட்டுநர்கள்
கபுறுகளைப் பார்த்து ஊர் வந்துவிட்டதென்று
வேகத்தைக் குறைப்பார்கள்.
ஊர் இன்னும் மூன்று கல் தொலைவில்
சாண வறட்டி எரித்துப் புகைந்துகொண்டிருக்கும்.

அந்த முதல் ஊரைக் கட்டுகிறவன் நான்.
தொக்தோசுன். கொத்தன்.
ஒரு குவிமாடத்துக்கு ஒரு கோடை;
கூலியில் பாதி பணம், பாதி ஆடு.

எசென்கூல் தலைநகரிலிருந்து வந்தார்.
ஓட்டுநர் கதவைத் திறக்கும்வரை
வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.
"அப்பாவுடையதைவிட ஒரு முழம் உயரம்.
கறுப்புப் பளிங்கில் என் முகம்.
பனிமலையைப் பார்த்து ஒரு ஜன்னல்."
எழுதிக்கொண்டே வந்த பென்சில்
ஜன்னலில் நின்றது.
எட்டிப் பார்க்கப்போவது யார் என்று
கேட்க நாக்கு எழுந்தது.
மகளின் கல்லூரிக் கட்டணம்
அதைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தது.

பள்ளத்துக்கு நீளம் வேண்டுமே,
உச்சந்தலையில் கயிற்றை வைத்துக்
குதிகாலுக்கு இழுத்தேன்.
நாலு முழம், மேலே மூன்று விரல்.
முடிச்சைக் குனிந்து பார்த்தார்.
"இவ்வளவுதானா?"
பேரம் பேசுகிறவர் குரலில்லை அது.
கடைசி ரொட்டியும் விற்றபின்
கடை வாசலில் வந்து நிற்பவன் குரல்.

அன்று அஸருக்குப் பிறகு புரூல்சா,
பால்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள்,
நெஞ்சுக்குள் ஏதோ கட்டி என்று
மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தாள்.
மாவுப் பையிலிருந்து பணத்தைக் கொட்டினாள்.
"என் கபுறுக்கென்று அண்ணன் அனுப்பியது.
எனக்கு மண்மேடு போதும்.
பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அந்த வாய்க்கால்,
அதற்கு ஒரு பாலம் போடு.
போன வசந்தத்தில் இரண்டு பிள்ளைகள் விழுந்தன.
நான் படுத்தபின்னும் அதில் யாராவது நடப்பார்களே."
கொஞ்சம் நிறுத்தி,
"மறுமைக்கான வேலை என்றால்
கூலியில் தள்ளுபடி உண்டா?"
"இல்லை" என்றேன்.
சிரித்தாள். இருமினாள். முழுசாகக் கொடுத்தாள்.

இருநூற்றுப் பத்துக் கல். நான்கு நாள்.

பிறகு தினமும் அந்தப் பாலத்தைக் கடந்துதான்
எசென்கூலின் செங்கற்களை வண்டியில் இழுத்தேன்.

பனி விழ ஆரம்பித்த இரவில் தொலைபேசினார்.
"உள்ளே எவ்வளவு இருட்டாக இருக்கும்?"
பூச்சு வேலைக்காக இறங்கியவன், சொன்னேன்:
"நல்ல இருட்டு."
"ஜன்னல் இருந்துமா?"
"ஜன்னல் மேலே. நீங்கள் கீழே."
அந்தப் பக்கம் தொலைக்காட்சியில்
யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.
பேசாமல் வைத்துவிட்டார்.
பாக்கிப் பணமும் வரவில்லை, நிறுத்தச் சொல்லியும் வரவில்லை.
மாடம் இன்று அரை உயரத்தில் நிற்கிறது,
உள்ளே பனி, பனிமேல் நரித்தடம்.

அந்த வாரம் கயிற்றை எடுத்து
என்னையே அளந்து பார்த்தேன்.
அவருடைய முடிச்சுக்கு இரண்டு விரல் குறைவு.
நாற்பது வருடமாய் அடுத்தவர் மறுமைக்குக்
கூரை போட்டவன் நான்.
என் பெயரில் ஒரு கல்லாவது
அங்கே போய்ச் சேர்ந்திருக்குமா?
எல்லாக் கல்லுக்கும் ரசீது கிழித்திருக்கிறேனே.

நேற்று புரூல்சா கத்தினாள்,
பால் குடத்தோடு, பாலத்தின் நடுவில் நின்று:
"மூன்றாவது கல் ஆடுகிறது!
பணம் மட்டும் குறையாமல் எண்ணத் தெரிந்ததா?"

சுபுஹுக்கு முன் எழுந்தேன்.
சுண்ணாம்பு உறையாமலிருக்க
வெந்நீரில் குழைத்தேன்.
விளக்கு எடுக்கவில்லை.
கல்லைப் பெயர்த்து, மறுபடி பதித்து,
விடியும்வரை உள்ளங்கையால் அழுத்தியபடி
குளிர்ந்த பாலத்தில் மண்டியிட்டிருந்தேன்.
பாங்கு கேட்டது.
எழுந்திருக்க வேண்டும். கை எடுத்தால்
கல் அசையுமோ என்று இன்னும் கொஞ்சம்.